இரண்டு கடைக்கு நடுவே ஒரு குடை

என் மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்துவிட்டாய். நான் பேச்சை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு நான் பேசியதையெல்லாம் உன் அப்பாதான் வாங்கிக் கட்டிக்கொண்டார். பாவம், மனுஷன் வாயைத் திறந்ததே கொட்டாவி விடத்தான். உன்னிடம் சொல்லவேண்டியதை அவரிடம் கொட்டி என்ன பயன் என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன். மலையடிவாரத்து நல்லதண்ணியில் நம் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். சீசன் காலத்தில் இரவெல்லாம் மலையேறுகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கை ஓய்ந்துவிடும். நடுப்பகலில் இங்கே ஈ ஓட்டுவதைத் தவிர வேலை கிடையாது. சிவனொளிபாத மலை மேகத்துக்குள் போய்விட்டது. பக்கத்துக் கடை சோமா அக்கா நாற்காலியில் சாய்ந்து குறட்டை விடுகிறாள். இதைவிட அமைதி எனக்கு எங்கே கிடைக்கப் போகிறது?

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும் என்றாய். வெளிநாட்டுச் சேவைப் பரீட்சையில் தேறி, கொழும்பில் பயிற்சியும் முடித்து, முதல் நியமனமாகச் சென்னையில் இருக்கிற நம் நாட்டுத் தூதரக அலுவலகத்துக்கு உன்னைப் போட்டிருக்கிறார்கள். அந்தச் செய்தி வந்த அன்று தோட்டத்து லயத்தில் பாயாசம் கிண்டாத வீடு இல்லை. நீ என்னடாவென்றால், "நான் போகலம்மா. வேல வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துர்றேன்" என்கிறாய். காரணம் கேட்டால் அழுகை. "பயிற்சியில பழைய ஒப்பந்தமெல்லாம் வாசிக்கக் குடுத்தாங்கம்மா. நம்ம தோட்டத்து ஆளுங்கள ரெண்டு நாட்டுக்கும் எப்படிப் பிரிச்சாங்கன்னு எல்லாம் இருக்கு. நம்ம ஆளு ஒருத்தர்கிட்டயாவது கேட்டிருப்பாங்கன்னு தேடித் தேடிப் பாத்தேன். இல்ல. அந்த மேசையில போய் நான் எப்படி உக்கார்றது?"

உட்காராமல்? நின்றுகொண்டே பேசப் போகிறாயா? அன்றைக்கு எனக்கு வாயில் வந்தது அதுதான். நீ போனை வைத்தது அதனால்தான் என்று உன் அப்பா சொல்கிறார். இருக்கலாம். எனக்குக் கோபம் முதலில் வரும், யோசனை பின்னால் நொண்டிக்கொண்டு வரும். இப்போது அது வந்து சேர்ந்துவிட்டது, அதனால் பொறுமையாகக் கேள்.

நீ பரீட்சைக்குப் படித்த காலம் நினைவிருக்கிறதா? நான் ரொட்டிக்கு மாப் பிசைவேன், நீ அடுப்படியில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பாய். சுதந்திரம் கிடைப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வெள்ளைக்காரனோடு ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டார்கள் என்று வாசித்தாய். கொடி நம்முடையது, ஆனால் திருகோணமலையில் கப்பல் அவனுடையது, கட்டுநாயக்காவில் விமானம் அவனுடையது. "வீட்டக் காலி பண்ணிட்டேன்னு சொல்லிட்டு வாசல்ல கட்டில் போட்டுப் படுத்துக்கிட்டானா?" என்று நான் கேட்டேன். நீ சிரித்துவிட்டு, "இல்லம்மா, நாமதான் படுக்கச் சொன்னோம். பக்கத்துல பெரிய நாடு இருக்கே, அந்தப் பயம்" என்றாய். எனக்கு மாவில் கை நின்றுவிட்டது. பெரிய வீட்டைப் பார்த்துப் பயந்தவர்கள், பெரிய வீட்டுப் பக்கமிருந்து வந்த மருமகளையும் ஒற்றுக்காரி என்று சந்தேகப்பட்ட கதைதான் நம் கதை என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. சுதந்திரம் வந்த அதே வருஷம் நம் ஆட்களை நாடில்லாதவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டமும் வந்ததே, அந்த ஒப்பந்தத்துக்கும் இந்தச் சட்டத்துக்கும் அடியில் ஓடியது ஒரே பயம்தான்.

பயம் வெறும் பொய் என்று நான் சொல்லமாட்டேன். சின்ன வீட்டுக்காரனுக்குத்தான் தெரியும் பெரிய வீட்டு நாயின் குரைப்பு. ஆனால் தூரத்து ஆளைக் கூட்டிவந்து வாசலில் உட்காரவைத்துப் பக்கத்து வீட்டுக்காரனை மிரட்டினால், தூரத்து ஆளுக்கும் சோறு போட்டாகவேண்டும், பக்கத்து வீட்டுக்காரன் முகத்திலும் தினமும் முழித்தாகவேண்டும். ஏறத்தாழப் பத்து வருஷத்தில் அந்தக் கப்பல்காரர்கள் போய்விட்டார்கள் என்று வாசித்தாய். கொடி இறக்கி, கை கொடுத்து, கௌரவமாக அனுப்பி வைத்தார்கள் என்றாய். ஒரு படையையே மரியாதை குறையாமல் வழியனுப்பத் தெரிந்த நாடு இது. தேயிலைக் கொழுந்து பறித்த நம் ஆட்களை வழியனுப்பியபோது அந்த மரியாதை எங்கே போயிற்று என்று நான் கேட்டேன். நீ பக்கத்தைத் திருப்பினாய்.

பிறகு அறுபத்து நாலில் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் டில்லியில் கூடிப் பேசியது. நம் ஆட்களில் இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு, மிச்சமிருப்பவர்களை அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்று முடித்தார்கள். பத்து வருஷம் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாக வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒருவேளை சண்டை வராமல் ஒரு விஷயத்தை முடித்துவிட்ட நிம்மதியில் அன்று சாப்பிட்டிருப்பார்கள். நல்ல அயலவர்களாக இருக்கத்தான் ஆசைப்பட்டிருப்பார்கள். அதுதான் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது.

என் சித்தப்பாவை நீ பார்த்ததில்லை. என் அப்பாவுக்கு நேர் இளையவர். லயத்தில் அடுத்தடுத்த காம்பிரா அறைகளில் இருந்தோம், நடுச்சுவரில் தட்டினால் அந்தப் பக்கமிருந்து பதில் தட்டு வரும். அப்பா இங்கேயே இருக்க மனுப் போட்டார், சித்தப்பா இந்தியாவுக்குப் போட்டார். பெரிய யோசனை ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு அப்போது பால்மாடு ஒன்று சினையாக இருந்தது. சித்தப்பாவுக்குத் திருச்சிப் பக்கம் மச்சான் ஒருவர் இருப்பதாகக் கேள்வி. ஒரு மாட்டுக்காகவும் முகம் தெரியாத ஒரு மச்சானுக்காகவும் அண்ணன் தம்பி இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். சித்தப்பா குடும்பம் கிளம்பிய வருஷம்தான் கொழும்பில் அணிசேரா நாடுகளின் மாநாடு நடந்தது. அட்டன் கடைத்தெருவில் ரேடியோ முழுக்க அதே பேச்சு. எந்தப் பக்கமும் சேராமல் இருப்பதுதான் நம் நாட்டுக்குப் பெருமை என்று அதில் சொன்னதாக அப்பா சொல்லிச் சிரிப்பார். நாட்டுக்கு அந்த வசதி இருந்தது. எங்களுக்கு இருக்கவில்லை. ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்தே ஆகவேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

அட்டன் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனோம். ஒப்பாரிக் கோச்சி என்றுதான் அந்த ரயிலுக்குப் பேர். கயிறு சுற்றிய தகரப் பெட்டி, அதன்மேல் பாய்ச் சுருள், அதன்மேல் சித்தப்பா மகள், என் வயதுத் தங்கச்சி செல்வி. கோச்சி அசைந்ததும் சித்தப்பா பழக்க தோஷத்தில், "அப்ப போயிட்டு வர்றோம்ண்ணே" என்றார். போகிறவர்கள் அப்படித்தானே சொல்லவேண்டும். அப்பாவும் பழக்க தோஷத்தில், "ம், பாத்துப் போயிட்டு வாங்க" என்றார். சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அப்பா அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சித்தப்பா கடைசியில் நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தார். அதே கொழுந்து, அதே குளிர். இங்கே நம்மை இந்தியாக்காரன் என்றார்கள், அங்கே அவரைச் சிலோன்காரன் என்றார்கள். அவர் திரும்பி வரவேயில்லை.

இதையெல்லாம் நீ சின்ன வயதிலிருந்து கேட்டவள். அதனால்தான் அந்த மேசையைக் கண்டால் உனக்குக் கசக்கிறது. உன்மேல் தப்பில்லை. ஆனால் நீ ஒரு விஷயத்தை மறந்துவிட்டாய். அதே மாதிரி ஒரு ஒப்பந்தத்தை நீயும் ஒருதரம் போட்டிருக்கிறாய், இதே நல்லதண்ணியில்.

நீ பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த சீசன் அது. சோமா அக்கா புதுசாகக் கூரைக்குப் பெரிய தார்ப்பாய்ப் படங்கு வாங்கிக் கட்டியிருந்தாள். மழை பெய்தால் அந்தத் தண்ணீர் முழுக்க என் அடுப்பில் விழுந்தது. நான் கத்தினேன், அவள் சிங்களத்தில் கத்தினாள், நான் அதையும் சிங்களத்திலேயே திருப்பிக் கொடுத்தேன். யாத்திரை போகிற ஜனங்கள் மலையை மறந்துவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். நீதான் நடுவில் வந்தாய். கயிறு பிடித்து அளந்தாய். நான் என் கூரைக் கம்பை ஒரு அடி இழுத்துக்கொள்வது, அவள் தன் கம்பை ஒரு அடி இழுத்துக்கொள்வது, நடுவில் மூங்கிலைப் பிளந்து பீலி வைத்துத் தண்ணீரை ரோட்டோரச் சாக்கடைக் கானுக்கு விடுவது. எவ்வளவு அழகான தீர்ப்பு! சோமா அக்கா கொண்டை கவுங் பலகாரம் கொண்டுவந்து உன் வாயில் ஊட்டினாள். "ஒங்க மகள் பெரிய ஆளா வரும் அக்கே" என்றாள், சிங்களம் கலந்த தன் தமிழில். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலையில் முனியாண்டி மாமா வந்தார். தொப்பிக்கார மாமா. அவருக்குக் கடை கிடையாது, பெரிய கறுப்புக் குடை ஒன்றுதான். அதை விரித்து, கம்பிகளில் கம்பளித் தொப்பியும் கையுறையும் தொங்கவிட்டு, வருஷக்கணக்காக எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில்தான் நிற்பார். அந்த இடைவெளியில்தான் இப்போது உன் பீலி ஓடியது. மனுஷன் பீலியைப் பார்த்தார், குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். நான் பார்த்தேன். சோமா அக்காவும் பார்த்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் சமாதானமான சந்தோஷம், அவர் போனது மனதில் பதியவே இல்லை.

மத்தியானம் நீதான் கேட்டாய், "தொப்பி மாமா எங்கம்மா?" என்று. தேடிப் போனால், கக்கூஸ் வரிசைக்குப் பின்னால், ஒரு ஈ காக்கை வராத இடத்தில் குடையை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தார். நீ கெஞ்சினாய். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க ரெண்டு கடைக்காரங்களும் பேசி முடிச்சிட்டீங்க, நல்லதுதான பாப்பா. எனக்கு என்னா, குடைதான. எங்க வேணுன்னாலும் விரிச்சிக்குவேன்." திரும்பி வந்து நீ எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எங்கள்மேல் கோபமா, உன்மேல் கோபமா என்றே தெரியவில்லை. சோமா அக்காதான் முதலில் தலையைக் குனிந்தாள். "அனே, அந்த மனுஷன் பாவம் நே" என்றாள்.

நீ அதோடு விடவில்லை. அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, என் சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு எங்களுக்குச் சமமாக உட்காரவைத்தாய். பீலியைப் பிடுங்கிவிட்டுப் பழைய இடத்தைக் கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன், தர்மம் செய்கிற தோரணையில். நீ, "மொதல்ல அவரக் கேளுங்கம்மா" என்றாய். கேட்டால், அவருக்கு அந்தப் பழைய இடம் வேண்டவே வேண்டாமாம்! "அங்க வெயிலே படாதும்மா. பனியில நனைஞ்ச தொப்பி காயவே காயாது. எடம் இல்லையேன்னுதான் நின்னேன். ஒங்க கட முன்மூலையில காலையில வெயில் வரும். அங்க ஒரு ஓரமா விட்டீங்கன்னா போதும்" என்றார். அத்தனை வருஷம் பக்கத்திலேயே நின்ற மனுஷன். ஒரு நாளாவது நாங்கள் கேட்டிருந்தால்தானே தெரிந்திருக்கும்? பீலி இருந்த இடத்திலேயே இருந்தது, அவர் வெயிலுக்கு வந்தார். அதற்குப் பிறகு தேத்தண்ணிக்கு வந்தவன் தொப்பி வாங்கினான், தொப்பிக்கு வந்தவன் தேத்தண்ணி குடித்தான். இன்றைக்கும் அவர் நம் கடை முன்மூலையில்தான் குடையை விரிக்கிறார்.

இப்போது சொல், அந்த மேசையில் உட்கார உன்னைவிடத் தகுதியானவள் யார்? பள்ளிக்கூடம் முடிக்காத வயதிலேயே அந்தத் தப்பைச் செய்து, மறுநாளே திருத்தியவள் நீ. அந்தப் பெரிய மேசையில் இருந்தவர்களுக்கு மத்தியானம் வந்ததும் "அவங்க எங்க?" என்று கேட்க ஒரு ஆள் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான் வித்தியாசம். நீயும் போகமாட்டேன் என்றால் அந்தக் கேள்வியைக் கேட்க யார் இருப்பார்கள்? கசக்கிறது என்று நீ எழுந்து வந்துவிட்டால் மேசை ஒன்றும் உடையப் போவதில்லை. உன் இடத்தில் வேறு ஒருவர் உட்காருவார். அவர் நல்லவராகவே இருப்பார், நானும் சோமா அக்காவும் நல்லவர்கள்தான். நல்லவர்களாக இருந்தும் எங்களுக்குக் கண் தெரியவில்லையே.

அங்கே போனதும் சில பேர் உன்னைச் சீண்டுவார்கள். நம் ஆட்களிலேயே சிலர், நம்மைப் பிரித்தவர்களுக்காகப் பேசப் போனவள் என்பார்கள். அலுவலகத்தில் ஒருவேளை யாராவது, உன் பற்று எந்தப் பக்கம் என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். இரண்டு பேருக்கும் நிரூபிக்கிறேன் என்று ராப்பகலாக உழைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் வேலையைச் செய். இந்த நாட்டுக்காக நீ தலைநிமிர்ந்து பேசு, இது உன் நாடு. சின்ன நாடாக இருப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை, நான் இந்த வரிசையிலேயே சின்னக் கடை. பக்கத்துப் பெரிய கடையோடு முகம் கொடுத்துப் பேசு, அதற்காகக் கும்பிடு போட்டுக்கொண்டும் நிற்காதே. பயத்தில் எதற்கும் கையெழுத்துப் போடாதே. என்றைக்காவது நீலகிரியிலிருந்து ஒரு வயசாளி விசா கேட்டு வந்து, அட்டன் எப்படி இருக்கு என்று நம் பேச்சில் கேட்டால், எந்த ஊர், எந்த நாடு என்று கேட்பதற்கு முன்னால் ஒரு நாற்காலி போடு. செல்வியிடம் போனில் சொல்லிவிட்டேன், நீ சென்னைக்கு வந்ததும் உன்னைப் பார்க்க வருவாளாம். "அக்கா மக ஆபீசரா வர்றாளா? எந்த நாட்டு ஆபீசர்?" என்று கேட்டாள். இந்த நாட்டு ஆபீசர்தான்டி என்று சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்துவிட்டது. பெருமையில்தான், வேறு ஒன்றும் இல்லை.

இன்றைக்குக் காலையில் முனியாண்டி மாமா உன்னைப் பற்றிக் கேட்டார். அவருடைய அக்கா குடும்பமும் ஒப்பாரிக் கோச்சியில் போனதுதான். நீ முரண்டு பிடிப்பதை நான் சொல்லவில்லை, மானம் போகும். "பாப்பா இந்தியாவுக்குப் போறா மாமா" என்றேன். அவர் முகம் சட்டென்று வாடிவிட்டது. "திரும்பி வருவாளா?" என்றார். "வராம என்ன? கவுர்மெண்டு வேலைக்கு அனுப்புது. முடிஞ்சதும் அதுவே கூப்பிட்டுக்கும். அவ இந்த நாட்டு ஆளுல்ல" என்றேன். அவர் குடைக்குள் கையை விட்டு, உச்சியில் குஞ்சம் வைத்த மஞ்சள் கம்பளித் தொப்பி ஒன்றைக் கழற்றி என் கையில் வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சென்னை அடுப்பு மாதிரி கொதிக்குமாம் மாமா, அங்க இதப் போட்டா பாப்பா வெந்துருவா" என்றேன்.

"சென்னைக்கு யாரு குடுத்தா?" என்றார். "திரும்பி வந்து அட்டன்ல எறங்குறப்ப புள்ளைக்குக் குளிருமில்ல."

அந்தத் தொப்பியை நான் உனக்கு அனுப்பப் போவதில்லை. நீ போய்விட்டு வா. அட்டன் ஸ்டேஷனுக்கு நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அம்மா